பாரி அறியாத கணக்கு

பாரியின் கதையை நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே நிறுத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனவன். நல்ல மனசு, மறுக்கவில்லை. கணக்குத்தான் தெரியவில்லை. ஒரு முழுத் தேர், ஒரே ஒரு கொடி. பறம்பு மலையில் வேறு கொடியே இல்லையா? தேரைக் கழற்றி, கொடிக்கு ஓர் ஆரக்கால் என்று நட்டிருந்தால் ஐம்பது கொடிகள் பிழைத்திருக்கும். அச்சாணியையும் கொடிஞ்சியையும் வசதியுள்ள கொடிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தள்ளியிருக்கலாம். தேர் எங்கே என்று யாராவது கேட்டால், "எங்கேதான் இல்லை?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கணக்கு கைவந்தவர்கள் மேற்கே இருந்தார்கள். இடைக்கால ஐரோப்பாவின் பொன்வேலைச் சுவடிகளை ஏடு ஏடாகப் பிரித்து, அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் வாரி வழங்கிய வள்ளல்கள். கடையெழு வள்ளல்களைப் பாடப் புலவர்கள் வரிசையில் நின்றார்கள். இவர்களைப் பாட ஆளில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

சுவடி என்றதும் பனையோலையை நினைக்க வேண்டாம். இது தோல். கன்றின் தோலையோ ஆட்டுத் தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை வழித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைநிலா வடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கியது. கன்றுத்தோல் ஏட்டுக்கு ஆங்கிலத்தில் வெல்லம் என்று பெயர். நம் வெல்லம் வேறு. ஆனால் எறும்பு மொய்த்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து லாபிஸ் லாசுலி என்னும் கல் கண்டம் கடந்து வந்தது. பொன் ஒட்ட வேண்டிய இடத்தில் சுண்ணமும் பசையும் கலந்து மேடாகப் பூசி, காயவிட்டு, அதன்மேல் வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரத்தில் பசை இளகும். அந்த நொடியில் பொன்தகட்டை வைத்து அழுத்த வேண்டும். பிறகு நாய்ப்பல்லைக் கைப்பிடியில் பொருத்திய கருவியால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு மனிதன் மூச்சுவிட்ட இடத்தில் எழுநூறு வருஷமாகப் பொன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனை பாடுபட்டவர்கள் செய்த ஒரே தவறு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்ததுதான்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் வெயர்மத்-ஜாரோ மடத்தில் எழுதிய அமியாட்டினுஸ் விவிலியத்தைப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள். ஏறக்குறைய 500 கன்றுகளின் தோல். 34 கிலோ எடை. இன்றும் பிரியாமல் ஃபுளோரன்ஸின் லாரென்சியன் நூலகத்தில் கிடக்கிறது. 500 கன்றுகள் உயிரைக் கொடுத்தும் பயன் ஒரே ஊருக்குத்தான். இதைத்தான் பாரித்தனம் என்கிறேன்.

சரி, வள்ளல்களுக்கு வருவோம். தலைவள்ளல் ஓட்டோ எகி. 1888-இல் பிறந்தவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலைக்கல்லூரியில் ஆசிரியர், பின்னால் அங்கேயே டீன். எழுத்துக்கலை, அச்சுக்கலை, புத்தக வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர். புத்தகத்தின்மேல் அவருக்கு இருந்த அன்பு சாதாரணமானதல்ல. பிரியாணிக்கடைக்காரருக்குக் கோழியின்மேல் உள்ளதைப் போன்ற ஆழமான அன்பு.

1938-இல் ஒரு பத்திரிகையில், தான் புத்தகத்தை உடைப்பவன் என்பதைத் தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். ஒளிவுமறைவு கிடையாது. அவருடைய வாதம் எளியது: முழுச் சுவடி வாங்க உலகத்தில் எத்தனை பேருக்கு வசதி இருக்கும்? ஓர் ஏடு என்றால் நூற்றுக்கணக்கானவர்கள் வாங்கலாம். கலை மக்களைச் சேர வேண்டும். இதில் யாராவது குறை காண முடியுமா? வீட்டுக் குத்துவிளக்கு ஒருவருக்கே சேர்வது அநீதி என்று பட்டால், திரியை ஒருவருக்கும் எண்ணெயை ஒருவருக்கும் கொடுப்பதுதானே நியாயம். வெளிச்சம் எங்கே என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

எகியின் மிகப் பெரிய கொடை அவருடைய பெட்டிகள். ஐம்பது இடைக்காலச் சுவடிகளிலிருந்து ஒவ்வோர் ஏடு. ஒவ்வொன்றுக்கும் அட்டைச்சட்டம், சட்டத்தில் விளக்கச் சீட்டு. ஐம்பதும் சேர்ந்தால் ஒரு பெட்டி. அப்படி நாற்பது பெட்டிகள். ஆக 2000 ஏடுகள். 1951-இல் அவர் காலமான பிறகு, பெட்டிகளைத் தொகுத்து முடித்தவர் அவருடைய மனைவி. தம்பதி சமேதராகச் செய்த தர்மம். இன்று கொலராடோ பல்கலைக்கழகத்திலும், கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்திலும், நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கிலும், இன்னும் பல இடங்களிலும் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன. மாணவர்கள் திறந்து பார்க்கிறார்கள். ஐம்பது கல்யாணத்துக்குப் போய், ஒவ்வொரு பந்தியிலும் ஒரே ஒரு வாய் சாப்பிட்டு எழுந்த மாதிரி. எந்த வீட்டுச் சமையல் எப்படி என்று தெரியாது. ஐம்பது வீட்டு மொய்ப்புத்தகத்திலும் பெயர் இருக்கும்.

அந்தப் பெட்டிகளில் பதினைந்தாவது ஏடு எப்போதும் ஒரே நூலிலிருந்து வரும். பூவே என்ற ஊரின் திருப்பலிப் புத்தகம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடபிரான்சில் எழுதியது. பூவே பேராலயத்தின் குருவான ரொபேர் த ஹாங்கே என்பவர் 1356-இல் அதைப் பேராலயத்துக்கே கொடுத்தார், தன் ஆன்மாவுக்காக ஆண்டுதோறும் திருப்பலி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. முழுசாகக் கொடுத்தார், பாவம். அந்தக் காலத்து மனிதர்.

1926-இல் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் அது வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை முதலாளியிடம் போயிற்று. ஹர்ஸ்ட் எதைப் பார்த்தாலும் வாங்குவார். ஆனால் வாங்கியதைப் பிரிக்கத் தெரியாத சோம்பேறி. 309 ஏடுகளும் அவர் கையில் பதினாறு வருஷம் ஒன்றாகவே இருந்தன. பணமுடையில் அவருடைய சேகரிப்பெல்லாம் விற்பனைக்கு வந்தபோது, அது கிம்பெல்ஸ் என்ற நியூயார்க் கடை வழியாகப் போயிற்று. துணிமணியும் சமையல் பாத்திரமும் விற்ற பல்பொருள் கடை. 1942-இல் அங்கே வாங்கியவர் ஃபிலிப் டுஷ்னெஸ் என்ற புத்தக வியாபாரி. அவர் பிரித்தார், எகி பங்கு பெற்றார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஐரோப்பாவில் குண்டுபோட்டுத்தான் நூலகங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு கத்தி போதுமாயிருந்தது. இதைவிட நாகரிகமாக எப்படிச் செய்வது?

பிரிக்கிற வேலையும் பெரிய வேலையல்ல. ஏடுகள் நாலைந்து ஜோடியாக மடித்து, மடிப்பில் நூல்கோத்துத் தைத்திருக்கும். நூலை அறுத்தால் ஜோடி ஏடு கையில் வரும். ஜோடியின் மடிப்பில் கத்தி வைத்தால் ஒற்றை ஏடு. நம் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைக்கிறார்களே, அதே சூத்திரம்தான். ஒரு பேச்சுக்கு, 300 ஏட்டு நூலை 1000 டாலருக்கு வாங்கி, ஏடு 10 டாலர் என்று விற்றால் 3000. படமுள்ள ஏட்டுக்குத் தனி விலை. பொன்னெழுத்து உள்ளதற்குத் தனி விலை. கடைசியில் அட்டையும் விலைபோகும். கலை மக்களைச் சேர்கிறபோது கூடவே கொஞ்சம் லாபமும் சேர்ந்துவிடுகிறது. அது வள்ளலின் குற்றமா?

அந்தப் பூவே நூலின் ஏடு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 21 வரி. தலையெழுத்துகளில் நீலமும் இளஞ்சிவப்பும், நடுவில் பொன். அந்த எழுத்தின் வாலிலிருந்து ஒரு கொடி புறப்படுகிறது. ஓரம் முழுக்க ஏறி, மேலே வளைந்து, நுனியில் பொன்னிலை விடுகிறது. பற்றிப் படரக் கொம்பு கேட்கிற கொடியேதான். புரட்டினால் தோலின் மயிர்ப்பக்கம் சற்று மஞ்சள், சதைப்பக்கம் வெள்ளை. விரித்த புத்தகத்தில் மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், வெள்ளைக்கு எதிரே வெள்ளை வரும்படிதான் இடைக்காலத்தில் அடுக்குவார்கள். கண்ணுக்கு உறுத்தக் கூடாதே என்ற அக்கறை. இப்போது எதிர்ப்பக்கமே இல்லாததால் அந்தக் கவலையும் ஒழிந்தது.

ஏட்டின் கடைசி வரியில் ஒரு மன்றாட்டு தொடங்கி, பாதி வாக்கியத்தில் நிற்கும். மீதி அடுத்த ஏட்டில். அடுத்த ஏடு இருப்பது வேறு மாநிலத்தில். ஒரு செபத்தைச் சொல்லி முடிக்க விமானம் ஏற வேண்டிய பாக்கியம் எந்த மதத்துக்கு வாய்த்திருக்கிறது?

எகி இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர் அல்ல. அவருக்கு முன்னால் பெரியவர்கள் இருந்தார்கள். 1798-இல் பிரெஞ்சுப் படை ரோமுக்குள் புகுந்தபோது, சிஸ்டைன் ஆலயத்துப் பூசைநூல்கள் வெளியே சிதறின. லூயிஜி செலோட்டி என்ற வெனிஸ் பாதிரியார் கையில் அவற்றில் பல வந்து சேர்ந்தன. நூல் கனம்; படங்கள் கனமில்லை. படங்களை மட்டும் நறுக்கினார். ஒரு நூலின் ஓரப்பூவேலையை வெட்டி, இன்னொரு நூலின் படத்தைச் சுற்றிச் சட்டம்போல ஒட்டினார். 1825-இல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். இப்படி நறுக்கிய படங்களுக்கென்றே நடந்த முதல் பெரிய ஏலம் அது. பட்டியல் எழுதிக் கொடுத்தவர் வில்லியம் யங் ஓட்லி என்ற கலை அறிஞர். பின்னால் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்படப் பிரிவுக்கே காப்பாளர் ஆனார். மந்திரம் போன பிறகு மந்திரப் புத்தகத்துப் படம் ஓவியமாகிறது என்று ஐரோப்பாவுக்குக் கற்பித்தது ஒரு பாதிரியார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கோயில் சாவியை அர்ச்சகர் கையில் கொடுப்பது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஜான் ரஸ்கின் பெயரையும் விடக் கூடாது. கட்டடக்கலையில் பழையதைத் தொடாதே, புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காதே என்று இங்கிலாந்து முழுக்க இடிமுழக்கம் செய்தவர். 1854 ஜனவரி 3-ஆம் தேதி தன் நாட்குறிப்பில், மாலையில் திருப்பலிப் புத்தகம் ஒன்றை வெட்டியதாகவும் அது கடினமான வேலையாக இருந்ததாகவும் குறித்து வைத்தார். உழைப்புக்கு அவர் அஞ்சியதே இல்லை. வெட்டிய ஏடுகளை நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தார். ஜனவரி 3 பாரிஸ் நகரத்தின் காவலரான புனித ஜெனவியேவின் திருநாள். பாரிஸில் எழுதிய செபநூல்களின் நாட்காட்டியில் அந்த நாளுக்குத் தனி மரியாதை உண்டு. திருநாள் அன்று ரஸ்கினும் புத்தகத்தைத் தொட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் மனம் கவர்ந்தவர் குலியெல்மோ லிப்ரி. இத்தாலியப் பிரபு, கணித மேதை, பிரெஞ்சு அறிவியல் அகாதெமியின் உறுப்பினர். லிப்ரி என்றால் இத்தாலிய மொழியில் 'புத்தகங்கள்' என்றே பொருள். பெயர்ப்பொருத்தம் என்றால் இதுதான். பிரான்சின் பொது நூலகங்களில் உள்ள சுவடிகளுக்கெல்லாம் பட்டியல் எடுக்க 1841-இல் அரசு ஒரு குழு அமைத்தபோது, அதற்குச் செயலாளராக அவரைப் போட்டார்கள். பூனையைப் பால்சட்டிக்கு வாட்ச்மேனாக வைக்கும் அளவுக்கு மனித நம்பிக்கை செழித்திருந்த காலம். லிப்ரி ஊர் ஊராகப் போனார். எந்த நூலகத்தில் என்ன இருக்கிறது என்று கவனமாகப் பார்த்தார். அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு பட்டியல் எடுப்பது சுலபமாக இருந்தது, எண்ணிக்கை குறைந்திருந்தது.

1847-இல், சுமார் 1900 சுவடிகளை ஆஷ்பர்னம் பிரபு என்ற ஆங்கிலேயருக்கு 8000 பவுனுக்குக் கொடுத்தார். எல்லாமே களவு அல்ல. நியாயமாக வாங்கியதும் கலந்திருந்தது. நல்ல சமையலில் உப்பு தனியாகத் தெரியக் கூடாது. அவருடைய கைவேலையைப் பார்க்க வேண்டும். பிரான்சின் ஃப்ளோரி மடத்துச் சுவடியில், 'ஃப்ளோரி மடத்துக்கு உரியது' என்ற லத்தீன் குறிப்பு இருக்கும். ஃப்ளோரிக்கும் ஃபுளோரன்ஸுக்கும் லத்தீனில் தொடக்க எழுத்துகள் ஒன்று. சில எழுத்துகளைச் சுரண்டி, சிலவற்றை எழுதினால், பிரெஞ்சு மடத்துப் பிள்ளை இத்தாலிய மடத்துப் பிள்ளையாகிவிடும். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து தாத்தாவின் பெயரை மாற்றிக் கொடுப்பவர்கள் தங்கள் குலகுருவாக வைத்துக் கும்பிட வேண்டிய மனிதர்.

1848 புரட்சியில் விஷயம் கசியவே, லிப்ரி லண்டனுக்குப் போய்விட்டார், பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு. 1850-இல் பாரிஸ் நீதிமன்றம், ஆள் இல்லாமலே, பத்து வருஷச் சிறை விதித்தது. நாவலாசிரியர் ப்ரோஸ்பேர் மெரிமே அவருக்காகப் பரிந்து எழுதி, நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 15 நாள் உள்ளே இருந்து வந்தார். நண்பன் என்றால் அப்படி. கடைசியில் லெயோபோல்ட் தெலீல் என்ற நூலகர் எழுத்து எழுத்தாக ஆராய்ந்து களவை நிரூபித்தார். 1888-இல் பிரான்ஸ் அந்தச் சுவடிகளைத் திரும்பப் பெற்றது. சும்மா அல்ல. பணம் கொடுத்தது, அதோடு, தன்னிடம் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக இருந்த மானெஸே சுவடி என்ற ஜெர்மானியக் காதற்பாடல் தொகுப்பையும் கொடுத்தது. இன்று அது ஹைடல்பர்கில் இருக்கிறது. திருடு போன பசுவை மீட்க எருமையைக் கொடுத்த கதை. லிப்ரி எடுத்த, தத்துவஞானி டெகார்ட்டின் கடிதம் ஒன்று அமெரிக்காவின் ஹாவர்ஃபோர்ட் கல்லூரியில் கண்டெடுக்கப்பட்டு 2010-இல் பாரிஸ் திரும்பியது. அவர் இறந்து 141 வருஷம் ஆன பிறகும் அவர் கொடை நிற்கவில்லை.

ஐரோப்பிய ஏட்டுக்கு மட்டும்தான் இந்தப் பேறு என்று பாரசீகர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. காலத்தால் சற்றுப் பிந்தியது என்றாலும் ஷா தஹ்மாஸ்ப் என்ற பாரசீக மன்னரின் ஷாநாமா காப்பியச் சுவடியைச் சொல்லியே ஆக வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் தப்ரீஸின் அரண்மனைப் பட்டறையில் உருவானது, 258 ஓவியங்கள். 1568-இல் உதுமானியச் சுல்தானுக்குப் பரிசாகப் போனது. அது கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஆர்தர் ஹௌட்டன். கண்ணாடித் தொழில் குடும்பம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுத் தலைவர். 1959-இல் வாங்கினார். பிறகு பிரித்தார். 78 ஓவியங்கள் மெட்ரோபாலிட்டனுக்கு அன்பளிப்பு. 1976-இல் சில ஏடுகள் லண்டன் ஏலத்துக்கு. அமெரிக்க வரிச்சட்டம் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பவரை வாழ்த்தும் சட்டம் என்பது இங்கே தற்செயல். கொடுப்பவரும் தலைவர், வாங்குவதும் அவர் தலைமை தாங்கிய இடம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இங்கே இடக்கை ரசீதே கொடுத்தது.

மீதி 118 ஓவியங்களின் கதையை ஒரு நாடகாசிரியரால் கற்பனை செய்ய முடியாது. புரட்சிக்கு முன் ஈரான் அரசு வில்லெம் டி கூனிங் என்ற அமெரிக்க ஓவியரின் 'பெண் 3' என்ற ஓவியத்தை வாங்கியிருந்தது. புரட்சிக்குப் பின், நிர்வாணம் என்று அது நிலவறைக்குப் போயிற்று. 1994-இல் வியன்னா விமான நிலையத்தில் ஷாநாமாவின் மிச்சமும் அந்த ஓவியமும் கைமாறின. ஈரான் தன் காப்பியத்தின் பாதியைப் பெறுவதற்கு ஓர் அமெரிக்கப் பெண்ணின் படத்தைக் கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் படம் மட்டும் 13.75 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி. 2011-இல் ஷாநாமாவின் ஒற்றை ஏடு ஒன்று 74 லட்சம் பவுனுக்குப் போயிற்று. பிரித்ததால்தானே ஏட்டுக்கு இந்த மதிப்பு? முழுசாக இருந்தால் அதை யாரும் ஏடு என்றே அழைத்திருக்க மாட்டார்கள்.

இன்றைய வியாபாரிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. இவர்களில் யாரும் எதையும் பிரிப்பதில்லை. கேட்டுப் பாருங்கள்: "எங்களிடம் வரும்போதே பிரிந்துதான் வந்தது." உலகத்துச் சுவடிகள் எல்லாம் பிறக்கும்போதே பிரிந்து பிறந்தவை போலிருக்கிறது. விற்பனைப் பட்டியலில் முந்தைய உடைமையாளர் என்ற இடத்தில், 'ஒரு ஐரோப்பியக் கனவான்' என்று போடுவார்கள். எவ்வளவு அடக்கமான மனிதர்! பெயர் சொல்ல மாட்டார், ஊர் சொல்ல மாட்டார். 1970-இல் யுனெஸ்கோ களவுப்பொருள் உடன்படிக்கை வந்த பிறகு அவருடைய அடக்கம் இன்னும் கூடிவிட்டது. அவர் எதை வாங்கியிருந்தாலும் 1970-க்கு முன்பே வாங்கியிருக்கிறார்.

ஒரு செபவேளைப் புத்தகத்தைப் பிரிக்கும்போது முதலில் பிரிய வேண்டியது நாட்காட்டி. பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர், முக்கியமானவர்கள் சிவப்பிலோ பொன்னிலோ. எந்த ஊர்ப் புனிதர் பொன்னில் இருக்கிறார் என்று பார்த்தால் புத்தகம் எந்த ஊருக்காக எழுதியது என்று தெரிந்துவிடும். ஓரத்தில் வீட்டுக்காரர்கள் பிள்ளை பிறந்த நாளையும் பெரியவர் இறந்த நாளையும் எழுதி வைத்திருப்பார்கள். மாதப் படங்கள் அழகு, வேகமாக விலைபோகும். நாட்காட்டி போனால் மற்ற ஏடுகளுக்கு ஊர் இல்லை, பேர் இல்லை. துறவிக்கு உரிய நிலை அது. பற்றற்ற ஏட்டை எவர் வீட்டுச் சுவரிலும் மாட்டலாம்.

கேத்ரின் ரூடி என்ற கலை வரலாற்றாசிரியர் வேறொரு பைத்தியம் பிடித்தவர். அச்சுத்தொழிலில் மையின் அடர்த்தியை அளக்கும் கருவியைக் கொண்டு பழைய செபநூல்களின் அழுக்கை அளந்தார். கட்டைவிரல் பட்ட கீழ்மூலை எந்தப் பக்கத்தில் அதிகம் கறுத்திருக்கிறதோ அந்தச் செபத்தைத்தான் அந்த வீட்டில் அடிக்கடி சொன்னார்கள். கொள்ளைநோய்க்குக் காவலரான புனித செபஸ்தியாரின் பக்கம் சில நூல்களில் கறுத்துக் கிடக்கிறது. விடியற்காலைச் செபத்தில் முதல் சில பக்கங்கள் அழுக்கு, பிறகு சுத்தம்; தூங்கிவிட்டார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவரின் பயமும் கொட்டாவியும் அழுக்கில் தெரிகின்றன. ஆனால் இதற்கெல்லாம் பக்கத்தோடு பக்கம் ஒப்பிட வேண்டும், பக்கங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஏட்டை ஒற்றையாக்கி, கறையுள்ள ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிட்டால் இந்த அந்தரங்கம் காப்பாற்றப்படுகிறது. பிறர் வீட்டுக் கொட்டாவியை எட்டிப் பார்ப்பது நாகரிகமல்ல என்று நம் வியாபாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அருங்காட்சியகங்களின் பெருந்தன்மைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1256-இல் தோரோஸ் ரோஸ்லின் என்ற ஆர்மீனிய ஓவியர் வரைந்த ஸெய்தூன் நற்செய்தி. ஆர்மீனிய இனப்படுகொலைக் காலத்தில் அது ஊரைவிட்டுப் பெயர்ந்து கைமாறியதில், முன்பக்க எட்டுப் பக்கங்கள் நூலிலிருந்து தனியாகப் பிரிந்தன. மீதி நூல் இன்று யெரெவானில் மாட்டெனதரான் சுவடியகத்தில். அந்த எட்டுப் பக்கத்தை லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் 1994-இல் 9,50,000 டாலருக்கு வாங்கியது. 2010-இல் ஆர்மீனியத் திருச்சபை வழக்குப் போட்டது. 2015-இல் சமரசம்: பக்கங்கள் திருச்சபைக்கே உரியவை என்று கெட்டி ஒப்புக்கொண்டது; திருச்சபை அவற்றைக் கெட்டிக்கு நன்கொடையாக அளித்தது. பக்கங்கள் இருந்த அலமாரியிலேயே இருக்கின்றன. இழந்தவன் தானம் செய்கிற அளவுக்கு ஒரு ஸ்தாபனம் மதிக்கப்படுவதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பூவே நூலுக்குத் திரும்பி வருகிறேன். லீசா ஃபேகின் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதன் ஏடுகளைத் தேடித் தேடி, கணினித் திரையில் மறுபடி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். பல வருஷ உழைப்பில் நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகள் தென்பட்டிருக்கின்றன, பல மாநிலங்களில், பல நாடுகளில். ஒரு மாலை வேளையில் கத்தியால் செய்த வேலையைத் திருப்பிச் செய்ய ஓர் ஆராய்ச்சி வாழ்க்கை தேவைப்படுகிறது. எத்தனை பேருக்கு முனைவர் பட்டம், எத்தனை மாநாடு, எத்தனை கட்டுரை! பிரிக்காத புத்தகம் இத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்குமா?

2022-இல் மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுச் சாமான்கள் விற்பனை. அங்கே போன இளைஞர் ஒருவர், சுவரில் மாட்டும் சட்டத்துக்குள் ஓர் ஏட்டைப் பார்த்தார். கல்லூரியில் சுவடி பற்றிப் படித்தவர். எழுத்து அடையாளம் தெரிந்தது. விலைச்சீட்டு 75 டாலர். வாங்கினார். பூவே நூலின் ஏடுதான் என்று உறுதியாயிற்று. பல ஆயிரம் டாலர் பெறும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அவர் விற்கவில்லை, தன்னிடமே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். இளைய தலைமுறைக்குப் பழைய கணக்கு மறந்துவிட்டது. ஒரு முழு ஏடு, ஒரே வீட்டுக்கா? அந்த ஏட்டில் பக்கத்துக்கு இரண்டு பத்தி. இரண்டுக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை, விரற்கடை இடம்விட்டு நேராகக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். கத்திரிக்கோல் வழிதவறக் கூடாதே என்றுதான் இருக்கும்.